பொம்பிளை வீட்டாரோடு கதிர்காமம் போன கதை

கடைசித் துண்டு புத்தலவிலிருந்து கதிர்காமத்துக்கு. அதில் நாங்கள் ஆறோ ஏழோ கிலோமீற்றரைச் சைக்கிளில் போகவில்லை. லொறியில் போனோம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னோடு வந்தவன் இந்தக் கட்டுரையின் கீழே வந்து தானே எழுதிவிடுவான்.

கல்கே என்ற இடத்துக்கு அண்மையில் ரோட்டில் யானை நிற்கும். படத்தில் பார்த்திருப்பீர்கள்: வாகனத்தை மறித்து, யன்னலுக்குள்ளால் தும்பிக்கையை விட்டு, வாழைப்பழமோ சோளமோ கிடைத்தால்தான் விடும். பஸ்ஸுக்குள் இருந்து பார்க்க வடிவாகத்தான் இருக்கும். சைக்கிளில் இருந்து பார்க்க அப்படி இல்லை. பின்னால் வந்த லொறிக்காரர் நிறுத்தி, “மல்லி, நகின்ன” என்றார். ஏறச் சொல்கிறார். நான் ஏறிவிட்டேன். என் கூட்டாளி ஏறுவதற்கு அரை நிமிடம் எடுத்தான். ஏறிய பிறகு கதிர்காமம் வரும்வரை அவன் என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை. இறங்கினதும் ஒரே கேள்வி: “இப்ப நாம யாத்திரையை முடிச்சதெண்டு சொல்லேலுமா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில். தேடப் போய் நிறைய விஷயம் அகப்பட்டது. பதில் அகப்பட்டதா என்பது வேறு கதை.

நாங்கள் தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் இருந்து வெளிக்கிட்டோம். பாத யாத்திரைக்காரர் வெளிக்கிடுகிற அதே இடம். அவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக நடந்து, உகந்தை முருகன் கோயிலில் சேர்ந்து, அங்கிருந்து கும்புக்கன் ஆற்றைக் கடந்து குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் போவார்கள். அந்தக் காட்டு வழி திருவிழாக் காலத்தில் மட்டும்தான் திறக்கும். அதுவும் நடக்கிறவர்களுக்கு. எங்களுக்குப் பரீட்சை முடிந்தது பங்குனிக் கடைசியில். சைக்கிள் வேறு. ஆகவே பொத்துவிலில் இருந்து உள்ளே திரும்பி சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல என்று சுற்றி வந்தோம். மொத்தம் 600 கிலோமீற்றர் அளவு, பத்து நாள்.

கூட்டாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் வாகரைப் பக்கம். எங்கள் பட்ச்தான், பக்கத்து அறை. அவனுடைய அம்மம்மா தங்களை வேடர் என்று சொல்லுகிற ஆள். மூதூரின் தெற்கிலிருந்து வாகரை வரையுள்ள கரையோர ஊர்களில் இப்படிச் சொல்கிற குடும்பங்கள் இருக்கின்றன. தமிழ் கதைக்கிறார்கள், கடலுக்கும் காட்டுக்கும் போகிறார்கள். 1911 இல் செலிக்மன் தம்பதியர் எழுதிய ‘த வெத்தாஸ்’ என்ற புத்தகத்தில் கரையோர வேடருக்கென்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. கலந்து போனவர்கள், ‘அசல்’ இல்லை என்கிற மாதிரியான பார்வைதான். அசல் எது, கலப்பு எது என்று அளந்து பார்ப்பது அந்தக் காலத்து மானிடவியலுக்கு ஒரு வியாதி.

அம்மம்மாவின் பார்வை வேறு. வள்ளி வேடப் பெண். முருகன் அவளைத் தேடி இங்கே வந்தவர். அப்படியென்றால் கதிர்காமம் யாருடைய இடம்? “நாம பொம்பிளை வீட்டார் மனே. மாப்பிள்ளை வீட்டாருக்குத்தான் நேர்த்தி, கீர்த்தி எல்லாம். நாம போனா அவர்தான் எழும்பி நிக்கோணும்.” வெளிக்கிட முதல் போனில் அவர் சொன்னது இது. நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். விரதம் பிடித்து, திருநீறு பூசி, கூனிக் குறுகிப் போவதுதான் கோயில் என்று வளர்ந்தவன். பத்து நாளும் இந்த வசனம் எனக்குப் பக்கத்தில் சைக்கிள் ஓடிக்கொண்டு வந்தது.

இனி ‘முடிச்சது’ என்ற கேள்விக்கு வருகிறேன்.

கதிர்காமத்துக்கு நடந்து போவதுதான் முறை என்று நாங்கள் நினைக்கிறோம். ஆனால் நூறு வருடத்துக்கு முதல் அது முறையே இல்லை, வேறு வழி இல்லை, அவ்வளவுதான். இன்று எல்லாரும் பஸ்ஸில் வந்து இறங்குகிற திஸ்ஸமகாராமைப் பக்கத்தில் இருந்தும் அப்போது காட்டுப் பாதைதான். சரியான மோட்டார் ரோட்டும் பஸ்ஸும் கதிர்காமத்தைத் தொட்டது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950களை ஒட்டி. கணநாத் ஒபயசேகர 1970களில் எழுதிய கட்டுரைகளில் இதைத்தான் பிடிக்கிறார்: ரோட்டு வந்த பிறகு கூட்டம் பலமடங்கு பெருகியது, நகரத்துச் சிங்கள பௌத்தர்கள் பெருமளவில் வரத் தொடங்கினார்கள், தீமிதிப்பு, காவடி எல்லாம் புது ஆட்களின் கைக்குப் போனது. அவர் சிங்களப் பக்தர்களைப் பற்றி எழுதினார். எனக்கு அதை வாசிக்கும்போது தட்டியது வேறு ஒன்று. பஸ் வந்த பிறகுதான் நடப்பது ஒரு தெரிவாக மாறியிருக்கிறது. அதுவரை நடப்பவன் வெறும் பயணி. பஸ் ஓடத் தொடங்கின அன்றைக்குத்தான் அவன் ‘பாத யாத்திரைக்காரன்’ ஆகிறான். நாங்கள் மிகப் பழையது என்று நினைக்கிற ஒரு பெருமை, உண்மையில் டீசல் மணத்தோடு பிறந்தது.

இதை வாழைச்சேனையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வைத்து அவனுக்குச் சொன்னேன். “அப்ப நாம சைக்கிள்ல போறதும் நூறு வருசத்தில முறையாயிரும்” என்றான். மறுக்க முடியவில்லை.

நடந்தவர்கள் கூடச் சுதந்திரமாக நடக்கவில்லை. 1870களில் கொலரா பரவியதைக் காரணம் காட்டி பிரித்தானிய அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இத்தனை பேர்தான் போகலாம், அனுமதிச் சீட்டு வேண்டும், வழியில் சோதனை. தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கதிர்காமம் போவது அதிகாரிகளுக்கு இரண்டு விதமான பயம்: ஒன்று நோய், மற்றது வேலை நின்றுபோகும். கொலரா உண்மையான பயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாமியிடம் போவதற்கு அரசாங்கத்திடம் துண்டு வாங்குகிற பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. இன்றைக்கும் உகந்தையில் காட்டுப் பாதையின் கதவு எந்தத் திகதியில் திறக்கும் என்று மாவட்டச் செயலகங்களில் கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள், ஒவ்வொரு வருடமும் திகதி பற்றிச் சர்ச்சை வருகிறது.

அந்தக் கட்டுப்பாட்டை நடத்தியவர்களில் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். லெனார்ட் வூல்ஃப். வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். 1904 கடைசியில் இலங்கைக்கு வந்து, முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்து, கண்டிக்குப் போய், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரச அதிபராக இருந்தவர். கதிர்காமத் திருவிழாவை மேற்பார்வை செய்வது அவருடைய உத்தியோகத்தில் ஒரு பகுதி. ஏகாதிபத்தியத்தின் ஊழியன், சாமி நம்பிக்கை இல்லாதவன், காட்டின் நடுவில் ஆயிரக்கணக்கான பக்தருக்கு நடுவில் மலசலக் குழிகளையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஊருக்குப் போய் 1913 இல் அவர் வெளியிட்ட ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவலில் சிலிந்து என்ற காட்டு மனிதன் தன்னைப் பிடித்த பேயை ஓட்ட மகளையும் கூட்டிக்கொண்டு பெரகம என்ற கோயிலுக்கு நடந்து போகிறான். பெரகம என்பது கதிர்காமம்தான். அதிகாரி எழுதிய நாவலில் அதிகாரி பக்கத்தில் அல்ல, நடக்கிறவன் பக்கத்தில் நின்று எழுதியிருக்கிறார். (லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதை ‘பெத்தேகம’ என்று 1980 இல் படமாக்கினார். அதில் வூல்ஃபாக நடித்தது ஆர்தர் சி. கிளார்க். அந்தப் படத்தைப் பார்க்கிற யாருக்கும் அதற்குப் பிறகு வூல்ஃபின் முகம் ஞாபகத்துக்கு வராது.)

வடக்கிலிருந்து நடக்கிற மரபும் தொடர்ச்சியாக வந்ததில்லை. 1972 இல் ஜேர்மன் சுவாமி என்று எங்கள் ஊரில் அறியப்பட்ட கௌரிபாலா சுவாமியோடு நடந்த அமெரிக்க இளைஞர் பற்றிக் ஹரிகன், 1983 வன்முறைகளோடு நின்றுபோன யாத்திரையை 1988 இல் திரும்பத் தொடங்குவதில் முன்னின்றார். நாங்கள் ‘தொன்றுதொட்டு’ என்று எழுதுகிற ஒன்றைத் திருப்பி நிற்க வைத்தவர்களில் ஒரு அமெரிக்கரும் இருக்கிறார். எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

சைக்கிளுக்கும் எனக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஓடியது அப்பாவின் பழைய ரலி. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது மருந்துச் சாமான் மாதிரி. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடினார்கள், மற்றவர்கள் எல்லாம் சைக்கிள். மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவுக்குச் செய்தி கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது இந்த ரலியும் போனது, ஓடவில்லை, உருட்டிக்கொண்டு. கரியரில் அப்பம்மாவும் ஒரு அரிசிச் சாக்கும். அதனால் எங்கள் வீட்டில் சைக்கிள் என்றால் விளையாட்டுச் சாமான் இல்லை. நான் கதிர்காமம் போகப் போகிறேன் என்றதும் அப்பா ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டு புது ரியூபும் ஒரு செயினும் வாங்கி வந்து மேசையில் வைத்தார்.

திருகோணமலைக்குத் தெற்கே போகும்போது ஒரு விஷயம் கவனித்தேன். கிண்ணியாவில் பெரிய பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முதல் படகுப் பாதை. வெருகல் வரை அப்படிப் பல துறைகள் இருந்தன. இப்போது ஒரு மூச்சில் ஓடிவிடலாம். பாலம் வந்தது நல்லதுதான். ஆனால் துறையில் காத்து நிற்கிறபோது நடக்கிற கதைகள் பாலத்தில் நடக்காது.

கதிரவெளியில் கூட்டாளி சைக்கிளை விட்டு இறங்கினான். பஞ்சர் என்று நினைத்தேன். இல்லை. உருட்டிக்கொண்டு நடந்தான். நானும் இறங்கினேன். 2006 நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் இடம்பெயர்ந்து தங்கியிருந்த மக்கள் மீது இராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. 40க்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அவனுக்கு அப்போது நான்கு வயது. அவனுடைய ஆட்கள் அந்த இடத்தில் இருந்தார்களா, யாரைப் பறிகொடுத்தார்கள் என்பதை அவன் இங்கே எழுத வேண்டாம் என்றான். எழுதவில்லை. ஊர் முடிகிற இடம் வரை நடந்தோம். “இந்தத் துண்டை மட்டும் நான் எப்பவும் நடந்துதான் போறது” என்றான். அந்தப் பத்து நாளில் பாத யாத்திரை என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்கிய ஒரே இடம் அது.

பொத்துவில் தாண்டி மேற்கே திரும்பினால் நிலம் மாறுகிறது. கடல் காற்று நின்று, காடும் மலையும். இது வெல்லஸ்ஸ. லட்சம் வயல் இருந்த நாடு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இங்கே நடந்த ஒரு சம்பவத்தை எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பந்தியில் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். தமிழ் மாணவர்களுக்கு அது ‘அவர்களுடைய’ வரலாறு. ஆனால் அது தொடங்குகிற இடம் கதிர்காமம்.

1815 மார்ச் 2 இல் கண்டி உடன்படிக்கை. நாயக்கர் வம்சத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை பிடித்து வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டே வருடத்தில், 1817 இல், கதிர்காமத்தில் ஒரு ஆள் தோன்றுகிறார். தான் துரைசாமி, நாயக்க அரச குடும்பத்து இளவரசன், கதிர்காமத் தெய்வம் தன்னை அரசனாகத் தெரிவு செய்திருக்கிறது என்கிறார். உண்மையில் அவர் வில்பாவே என்ற, முன்பு பிக்குவாக இருந்த சிங்களவர். வெல்லஸ்ஸவும் ஊவாவும் அவர் பின்னால் எழும்பின. அதை அடக்கப் போன பதுளை அதிகாரி டக்ளஸ் வில்சன், 1817 இல் வேடர் விட்ட அம்பில் செத்தார். அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிபொல திசாவையே கடைசியில் கலகக்காரர் பக்கம் சேர்ந்தார். 1818 நவம்பர் 26 இல் கண்டியில் அவருடைய தலையை வெட்டினார்கள். வயல்களை எரித்து, மாடுகளைக் கொன்று, குளங்களை உடைத்து பிரித்தானியர் இந்தப் பிரதேசத்தை அடக்கிய விதத்தில் வெல்லஸ்ஸ நெடுங்காலம் எழும்பவே இல்லை.

இதில் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் ஒன்றுதான். வெள்ளைக்காரனுக்கு எதிராக எழும்பிய சிங்கள மக்களுக்கு ஒரு அரசன் தேவைப்பட்டபோது, ஒரு சிங்களவர் தன்னைத் தென்னிந்திய நாயக்க இளவரசன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதை மக்கள் ஏற்றார்கள். ‘துரைசாமி’ என்ற பெயர் அப்போது அந்நியமாக இருக்கவில்லை. இன்றைக்கு அதே மொனராகலை மாவட்டத்தில், அந்தப் பெயரோடு ஒருவன் தேர்தலில் நின்றால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு மிதித்தேன். கூட்டாளிக்கு அம்பு விட்ட பகுதி மட்டும் பிடித்திருந்தது. “பாத்தியா, எங்கட ஆக்கள்” என்றான். மொனராகலை ஏற்றம் முழுக்க அந்த வில்சனின் கதையை அவனே எனக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு முறையும் அம்பு கொஞ்சம் நீளமாகியது.

புத்தலவுக்கு முன்னால் ஒரு கடையில் பிளேன்டி குடித்தோம். கடைக்கார ஐயாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு உடைந்த சிங்களம். எங்கிருந்து என்று கேட்டார். யாப்பனய, மடகலப்புவ என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, ரோட்டுக்கு அங்கால் கையைக் காட்டி, “பஸ் எக்க” என்றார். அந்த பஸ். எனக்கு உடனே விளங்கவில்லை. 2008 ஜனவரி 16, போர்நிறுத்த ஒப்பந்தம் அதிகாரபூர்வமாக முடிந்த அன்று, புத்தலவுக்கு அண்மையில் ஒக்கம்பிட்டியப் பகுதியில் பயணிகள் பஸ்ஸில் கிளைமோர் வெடித்தது. ஓடி இறங்கியவர்களைச் சுட்டார்கள். 25க்கும் மேற்பட்ட சனம், வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன சனம், செத்தது. புலிகளின் தாக்குதல் என்றுதான் அது பதிவாகியிருக்கிறது.

கதிரவெளிக்கும் இதற்கும் இடையில் 14 மாதம். சைக்கிளில் ஐந்து நாள். ஒன்றைச் சொல்லி மற்றதைச் சமன் செய்வதற்காக நான் இதை எழுதவில்லை, அப்படி எழுதினால் இரண்டு இடத்துச் சனத்துக்கும் துரோகம். ஆனால் கதிரவெளியை எழுதிவிட்டு இந்தக் கடையை விட்டிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையைப் போட மனம் வந்திராது. காசு கொடுக்கப் போனோம். ஐயா வாங்கவில்லை. கதிர்காமம் போகிறவர்களிடம் வாங்குவதில்லையாம். கூட்டாளி வெளியே வந்து, சைக்கிளில் ஏறாமல், அந்தக் கடை கண்ணுக்கு மறையும்வரை உருட்டிக்கொண்டு நடந்தான். நான் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் யானையும் லொறியும்.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கை தெளிவாக, முழங்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிள்களைக் காசு கொடுத்து ஒரு இடத்தில் விட்டோம். குளித்தோம். மகா தேவாலயத்தில் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி விக்கிரகம் இல்லை. திரைதான், அதற்குப் பின்னால் பேழை. கப்புறாளை வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மணியடித்து மந்திரம் சொல்லிப் பழகிய எனக்கு அந்த அமைதி முதலில் ஏமாற்றமாகவும் பிறகு வேறு மாதிரியும் இருந்தது. அங்கால் தெய்வானை அம்மன் கோயில், பள்ளிவாசல், கொஞ்சத் தூரத்தில் கிரி வெஹெர. எல்லாரும் இருக்கிறார்கள். ‘நல்லிணக்கம்’ என்று பதாகை கட்டுகிறவர்களுக்கு மிகப் பிடித்த இடம். ஆனால் 1971 ஏப்ரலில் ஜேவிபி கிளர்ச்சியை அடக்க வந்த இராணுவத்தினர் பிரேமவதி மனம்பேரியை நிர்வாணமாக்கி நடத்திச் சுட்டதும் இதே ஊரின் ரோட்டில்தான். 22 வயது. எங்கள் வயது. புனித நகரம் என்ற பலகையைத் தாண்டும்போது அதுவும் ஞாபகம் வந்தது.

கடைசியாக வள்ளியம்மன் கோயில். என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு அவன் பின்னால் நின்றான். நான் திரும்பிப் பார்க்க, கை கூப்பாமல், வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியில் வந்து போன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

“போய்ச் சேந்திட்டியா மனே?”

“ஓம் அம்மம்மா. கொஞ்சத் தூரம் லொறியில வந்திட்டம். ஆனை நிண்டது.”

“ஆனையா?” அந்தப் பக்கம் சிரிப்பு. “அடேய், வள்ளியப் பயங்காட்டின ஆனை அது. அவர்ர தமையன்தானே. ஒங்களயும் விரட்டிப் பாத்திருக்கான். சாப்பிட்டயா?”

இன்னும் இல்லை என்றான். சாப்பிடப் போனோம்.